அழுகை குடிபோன வீடுகள்

அமலி அழுதால் அழுகை அவள் வாயிலிருந்து வராது, பக்கத்தில் யாராவது ஒருவர் வீட்டிலிருந்தோ, பூட்டிய பீரோவிலிருந்தோ, ஆள் ஏறாத மரத்திலிருந்தோதான் வரும் என்பது செங்கிடாப்பட்டியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கரண்டு போவதையும் பஸ் வராமல் இருப்பதையும் பேசிக்கொள்வதைப் போலத்தான் அவர்கள் அதையும் பேசிக்கொள்வார்கள். அது தெரியாமல் அந்த ஊருக்குள் வந்தவர்கள் வெள்ளைக் காரில் வந்த மூன்று பேர் மட்டும்தான்.

அமலியின் அம்மா பெனிட்டா, திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, படித்த இடத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராகவும் இருந்தவள். கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பொய் சொன்னால் நாக்கில் கறுப்புப் புள்ளி விழும், பல் தெரியச் சிரிக்கிறவள் நல்ல பெண் இல்லை என்று அங்கே கற்றுக்கொண்டதையெல்லாம் தாண்டி, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி மணல் லாரியை நிறுத்திவிட்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் தினமும் அவளைப் பார்க்க நின்ற கதிரேசனோடு, ஒரு மத்தியானம் அந்த லாரியிலேயே ஏறிப் போனவள். கதிரேசன் ஓட்டியது ரத்தினசாமி என்ற முதலாளியின் லாரி. ஆற்றை அளக்க வந்த சர்வேயர் ஒருவரை முதலாளியின் ஆட்கள் குழிக்குள் இறக்கிவிட்டு, "கொட்டுடா" என்று கதிரேசனிடம் சொன்னபோது அவன் டிப்பரைத் தூக்கவில்லை. இஞ்சினை அணைக்காமலே இறங்கி, நாணல் காட்டுக்குள் விழுந்து எழுந்து வீட்டுக்கு ஓடிவந்து, "பெனி, பிள்ளையத் தூக்கு" என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து, சாட்சி சொல்லக் கூடிய ஒருவனும் அவனுக்கு உயிரான இரண்டு பேரும் இந்த உலகத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது ரத்தினசாமிக்குத் தொண்டையில் மாட்டிய முள்ளாகிவிட்டது.

தேங்காய் நார் ஏற்றிப்போன ஒரு லாரியில், நார்ச் சிப்பங்களுக்கு நடுவே மூன்று பேரும் ஒடுங்கிக் கிடந்தபோது ரத்தினசாமியின் ஆட்கள் ரோட்டை மறித்து நின்று வண்டி வண்டியாகத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அமலி வாயைத் திறந்தாள். கதிரேசன் கையை வைத்து அவள் வாயைப் பொத்தப் போனான், பெனிட்டா அந்தக் கையைத் தட்டிவிட்டாள், இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிள்ளையின் தொண்டை அதிர்ந்தது, முகம் சிவந்தது, கண்ணீர் வழிந்தது, ஆனால் அழுகை மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அய்யனார் கோவில் மண்குதிரையின் வயிற்றுக்குள்ளிருந்து எழும்பியது. "அங்கடா!" என்று தடியும் அரிவாளுமாக எல்லோரும் குதிரையைப் பார்த்து ஓட, லாரிக்காரர் மெல்லக் கியரைப் போட்டார். பெனிட்டா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, அப்படியே குதிரைக்கும் ஒரு கும்பிடு போட்டாள். அதிசயப்பட அவர்களுக்கு நேரமில்லை. ஓடுகிறவர்களுக்கு எது நடந்தாலும் அது ஒரு சவுகரியம், அவ்வளவுதான்.

லாரி நாரை இறக்கிய ஊர் செங்கிடாப்பட்டி. அங்கே பெண்கள் ராட்டையில் நாரை மாட்டி, இடுப்பில் நார்மூட்டையைக் கட்டிக்கொண்டு, கயிறு திரித்தபடியே களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பின்னோக்கி நடப்பார்கள்; போகிற இடத்தைப் பார்க்காமல் விட்டு வந்த இடத்தையே முறைத்துக்கொண்டு நடப்பதாலோ என்னவோ, அந்த ஊர்க்காரர்கள் மறப்பது என்று ஒன்று கிடையாது, மன்னிப்பது அதைவிடக் கிடையாது. பின்னால் வருகிற யாரும் அவர்களுக்குப் பிடிக்காது. கயிற்றுக் களத்துக்குச் சொந்தக்காரியான பாண்டியம்மா, களத்தை ஒட்டிய ஓட்டு அறையை அவர்களுக்குக் கொடுத்தபோதே, "பேரென்ன?" என்று கேட்டுவிட்டு, பெனிட்டா "சுந்தரி" என்பதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைக் கவனித்து, "நல்ல பேருதான். பழகிக்க" என்றாள்.

ஊரில் அழுகை முதன்முதலில் கேட்டது, ஊர்த் தலைவரான அம்பலகாரர் சோலைமலை வீட்டு பீரோவில். அம்பலகாரரின் மனைவி விருமாயி, சோற்றுக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"யாருக்குப் பெத்த பிள்ளைய இதுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கீக?"

"அடியே, உள்ள வேட்டிதான்டி இருக்கு."

"வேட்டி அழுகுமா?"

"தொறந்து பாரேன்."

"தொறந்தா வெளிய வந்து உங்கள அப்பான்னு கூப்பிடும். அதுக்கு நான் ஆரத்தி கரைக்கவா?"

பீரோவைத் திறந்தால் வேட்டிதான் இருந்தது, வேட்டி மடிப்புக்குள்ளிருந்து அழுகை வந்துகொண்டிருந்தது, இருந்தாலும் விருமாயி அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு போடவில்லை. பிறகு, பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பி இருவர் வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவருக்குள் அழுகை கேட்டது; அண்ணன் தம்பி மேலும் தம்பி அண்ணன் மேலும் செய்வினைக் குற்றம் சொல்லி, சுவரின் இரண்டு பக்கமும் நின்று ஒருவரையொருவர் வைதுகொண்டார்கள், அது அவர்கள் பல வருஷத்துக்குப் பிறகு பேசிக்கொண்ட பேச்சு. அப்புறம் ரேஷன் கடைத் தராசில். அப்புறம், கல்யாணமே வேண்டாம் என்று தனியாக இருந்த சத்துணவு டீச்சர் முத்தழகின் வீட்டுக்குள். ஊர் அவளைப் பேசிய பேச்சில் அவள் மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், அழுகை அவள் வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனபிறகும் அவளிடம் யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓட்டு அறைக்குள் பெனிட்டாவுக்கு வேறொரு கஷ்டம் இருந்தது. அழுகை காதில் விழாததால் அவளுக்குப் பால் சுரக்கவில்லை. பிள்ளை மடியில் கிடந்து சத்தமில்லாமல் துடிக்கும், மார்பு காய்ந்து கிடக்கும். எங்கோ ஒரு தெருவில் அழுகை கேட்டால் மட்டும் குபுகுபுவென்று ஊறும், அதனால் அவள் பிள்ளையை முந்தானைக்குள் போட்டுக்கொண்டு அழுகை கேட்கிற வீட்டுப் பக்கமாகப் போய், வேலி மறைவில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு வருவாள். தூங்கும்போது பிள்ளை அழுதால் தெரியாது என்று கதிரேசன் களத்திலிருந்து மெல்லிய கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, தொட்டிலில் ஒரு முனையையும் தன் கால் கட்டைவிரலில் ஒரு முனையையும் கட்டிக்கொண்டான். பெனிட்டா அதன் நடுவில் தன் கால்விரலையும் கோத்துக்கொண்டாள். பிள்ளை அசைந்தால் இருவரும் ஒன்றாக விழித்து, இருட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் தடவிப் பார்ப்பார்கள். எழுப்பியது வாசலில் வந்து நின்ற ரத்தினசாமியின் ஆட்களா, இல்லை பிள்ளைதானா?

"வேற ஊருக்குப் போயிரலாம் பெனி. இந்த அழுகை நம்மளக் காட்டிக் குடுத்துரும்."

"இதுதான் நம்மள மறைச்சுக்கிட்டு இருக்கு. சத்தம் கேக்குற எடத்துல நாம இல்ல, நாம இருக்குற எடத்துல சத்தம் இல்ல. வேற என்ன வேணும்?"

"எம் பிள்ள அழுகுறத நான் கேக்கணும்டி."

கயிறு கட்டிய காலை அவன் கால் மேல் போட்டுக்கொண்டாள்.

மறைத்த அழுகையே ஒருநாள் காட்டியும் கொடுத்தது. ஊருக்கு வெளியே தண்ணீர் வராமல் மூடாமல் விட்டிருந்த ஆழ்துளைக் கிணற்றுக்குள்ளிருந்து பிள்ளை அழுகிற சத்தம் வந்தது. அதைக் கேட்டதும், அதுவரை ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஊர் மொத்தமும் ஓடியது. தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்தியபடி தாய்மார்கள் ஓடினார்கள், அம்பலகாரர் ஜேசிபிக்கு ஆள் விட்டார், தீயணைப்பு வண்டி வந்தது, அண்ணனும் தம்பியும் ஒரே கடப்பாரையை மாற்றி மாற்றிப் பிடித்துப் பாறையை உடைத்தார்கள், எல்லோர் பிள்ளையும் அவரவர் இடுப்பில் இருப்பதைப் பார்த்த பிறகும் தோண்டுவதை யாரும் நிறுத்தவில்லை. பெனிட்டாவும் அங்கே நின்றாள். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அந்தக் குழிக்குள்ளிருந்து கேட்டது அவள் மகளின் குரல், அது அவளை முடியைப் பிடித்து இழுப்பதைப் போல இழுத்தது. பெட்டிக்கடைக்காரர் ஒருவர் கூட்டத்தையும் குழியையும் அழுகையையும் சேர்த்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பாண்டியம்மா மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு நிமிர்ந்தவள், பெனிட்டாவின் ஜாக்கெட் முன்பக்கம் முழுக்க நனைந்து சொட்டுவதைப் பார்த்தாள்.

"உம் பிள்ள எங்கடி?"

முந்தானையை விலக்கிப் பார்த்தார்கள். பிள்ளை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. சத்தம் குழிக்குள்ளிருந்து வந்தது. பாண்டியம்மா பிள்ளையின் வாயில் விரலை வைத்தாள், குழிக்குள் சத்தம் அடங்கியது. விரலை எடுத்தாள், குழி அழுதது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லோருக்கும் கை காப்புக் காய்த்து, முதுகு ஒடிந்து, தொண்டை வறண்டிருந்தது. அவர்களுக்கு வந்தது கோபம்.

அன்று ஊர் மந்தைத் திடலில் கூடிய கூட்டத்தில் கதிரேசனையும் பெனிட்டாவையும் நடுவில் நிற்க வைத்து ஊர் வைதது. ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்று முதலில் சொன்னவள் விருமாயி.

"தொரத்தலாம்," என்றார் அம்பலகாரர். "தொரத்துனா அழுகையும் கூடப் போகும்னு என்ன நிச்சயம்? பிள்ள போயி, அழுகை மட்டும் எம் பீரோவுலயே தங்கிருச்சுன்னா? வேட்டிய எடுக்கும்போதெல்லாம் நீ கரண்டியோட வருவ."

அந்த ஒரு பயத்தால்தான் அவர்களை ஊர் வைத்துக்கொண்டது. இரக்கம் என்று தப்பாக நினைத்துவிடக் கூடாது. என்ன செய்வது என்று தெரியாமல் கூட்டம் கலைந்த மறுநாள் மறுபடி பீரோ அழுதது, விருமாயி ஆத்திரம் பொறுக்காமல் தன் எருமையைக் கறந்து, காய்ச்சி, ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு போய் பெனிட்டாவின் கையில் திணித்து, "ஊத்து. குடிச்சுத் தொலையட்டும்" என்றாள். பிள்ளை இரண்டு மடக்குக் குடித்ததும் தெருவுக்கு அந்தக் கோடியில் பீரோ அடங்கியது. அப்படித்தான் ஊருக்கு முறை பிடிபட்டது. எந்த வீட்டில் அழுகை கேட்கிறதோ அந்த வீட்டுக்காரர் தன் கையால் பால் கொண்டுபோக வேண்டும். காசு கொடுத்தால் அடங்காது, வேறு ஆள் மூலம் அனுப்பினாலும் அடங்காது, அந்த முறை வந்தபின் பெனிட்டாவே மார்பில் பால் கொடுத்தாலும் அடங்காது. ரேஷன் கடைக்காரர் எடுபிடியிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் கடை அடைக்கும்வரை அழுகையோடு அரிசி அளந்தார். பெனிட்டா கை நீட்டி வாங்கவும் வேண்டும். ஒருநாள் அவள் காய்ச்சலில் கிடந்து வாங்க முடியாமல் போனதற்கு, அண்ணன் தம்பியின் நடுச்சுவர் அவள் எழுந்து உட்காரும்வரை ஓயாமல் அழுதது.

முறை என்று ஒன்று வந்துவிட்டால் செங்கிடாப்பட்டியில் அதை மீற ஆள் கிடையாது. வந்து வைதுவிட்டுப் போவதற்கும் ஒரு முறை வந்துவிட்டது. "இந்தா, பிடி. நாசமாப் போக" என்று டம்ளரை நீட்டுவார்கள். "சீனி போட்டிருக்கு, அதுக்கும் அழுதா நான் பொறுப்பில்ல" என்பார்கள். பிள்ளை குடித்து முடிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, டம்ளரைப் பறித்துக்கொண்டு போவார்கள். டம்ளர் கழுவிக் கொடுத்தாளா என்று முகர்ந்து பார்ப்பார்கள். அமலி அந்தப் பாலில் கொழுகொழுவென்று வளர்ந்தாள், அதற்கும் வைதார்கள்.

பெட்டிக்கடைக்காரர் எடுத்த வீடியோ, குழி அழுகிறது என்று கைபேசி கைபேசியாகப் போய், கடைசியில் ரத்தினசாமியின் கையாள் குமரேசனின் கைபேசிக்கும் போனது. குமரேசன் மெதுவாகப் பேசுகிறவன், எந்நேரமும் கடலைமிட்டாய் கடித்துக்கொண்டிருக்கிறவன், சர்வேயரின் கையைப் பின்னால் கட்டியவனும் அவன்தான். குழியை அவன் பார்க்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நனைந்த ஜாக்கெட்டோடு நின்றவளைப் பார்த்தான். படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, மிட்டாயை மென்று விழுங்கிவிட்டு, "டீச்சரம்மா" என்றான்.

உச்சிவெயிலில் வெள்ளைக் கார் கயிற்றுக் களத்துக்குள் வந்து நின்றபோது பெண்கள் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள், அதனால் கார் தங்கள் முதுகுக்குப் பின்னால் வந்ததைச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டார்கள். ராட்டைகள் நின்றன. குமரேசன் இறங்கினான், கூட இரண்டு பேர் இறங்கினார்கள். மந்தையிலிருந்து அம்பலகாரர் வந்தார்.

"பெரியவரே, எங்க முதலாளி வீட்டு நகையத் தூக்கிட்டு ஓடுன டிரைவர் ஒருத்தன், பொண்டாட்டி, கைப்பிள்ள. இங்க இருக்கறதாத் தகவல். சத்தமில்லாமக் கூட்டிட்டுப் போயிருவோம், உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

பெனிட்டா கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் பொய் சொல்லும் என்று ஒரு நொடி நினைத்தாள். கன்னியாஸ்திரிகள் பாவம் என்று சொன்ன அந்தப் பொய்யை யாராவது ஒருவர், ஒரே ஒருவர் சொல்ல வேண்டும் என்று கை கூப்பினாள்.

"அந்தா, அந்த ஓட்டு ரூம்தான்," என்று அம்பலகாரர் கையை நீட்டினார். "கூட்டிட்டுப் போங்கப்பா. போகும்போது அழுகையையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க."

பாண்டியம்மா வெற்றிலையைத் துப்பினாள். "எம் பாய் ரெண்டு அவுககிட்ட இருக்கு. அத மட்டும் வச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். கதிரேசன் பெனிட்டாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில் நெற்றியை முட்டி, "நான் போனா விட்டுருவானுக" என்றான். "விட மாட்டானுக" என்றாள் அவள். "தெரியும்" என்றான். ஆனாலும் கதவைத் திறந்து வெளியே போனான்.

"குமரேசண்ணே, நான் வர்றேன். எங்க வேணா வர்றேன். அவங்கள விட்டுருங்க."

"மூணு பேரும்தான்டா தம்பி," என்றான் குமரேசன், தூங்குகிற பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற குரலில். "பிரிச்சா பாவம் இல்லையா?"

அப்போது பெனிட்டாவின் தோளில் அமலி விழித்தாள். வெயில் கண்ணில் குத்தியது, பசித்தது, வாயைத் திறந்தாள். ஊர் மொத்தமும் பழக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு, இன்றைக்கு யார் தலையில் என்று அவரவர் வீட்டுப் பக்கம் திரும்பியது. அழுகை வெள்ளைக் காரின் டிக்கியிலிருந்து வந்தது.

விருமாயிதான் முதலில் சிரித்தாள். "ஆத்தாடி, இன்னைக்கு இவுக மொற!"

"என்னம்மா மொற?" என்றான் குமரேசன்.

"உங்க வண்டியில அழுகுதுல்ல. பால் குடுத்துட்டுத்தான் போகணும்."

குமரேசன் அம்பலகாரரைப் பார்த்தான். கேலி செய்கிறார்கள் என்று நினைத்தான், கேலியைப் பொறுத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை உருவிக் களத்து மண்ணில் போட்டான். "இந்தாங்க, பால், டீ, எல்லாரும் குடிங்க. டேய், அவள ஏத்து."

"காசு எடுக்காது," என்றார் ரேஷன் கடைக்காரர். "நான் குடுத்துப் பாத்துட்டேன்."

"கையால காச்சி, கையால குடுக்கணும்," என்றான் அண்ணன். "அவ வாங்கணும்," என்றான் தம்பி.

"யோவ், என்ன பைத்தியக்கார ஊரா இது? தள்ளுங்கய்யா."

அந்த வார்த்தைதான். அவன் கொலைகாரன் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அது வேறு ஊர்க் கொலை. ஆனால் ஊரே தலைகுனிந்து செய்த ஒன்றை, எருமை மடிக்குக் கீழே உட்கார்ந்து கறந்து, காய்ச்சி, ஆற்றி, வைதுகொண்டாவது கொண்டுபோய்க் கொடுத்த ஒன்றை, இவன் செய்ய மாட்டானாமா? பாண்டியம்மா இடுப்பு நார்மூட்டையை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு அவன் முன்னால் வந்தாள்.

"அம்பலகாரரே டம்ளரத் தூக்கிட்டுப் போனாரு. முத்தழகு ஊரவிட்டே போனா. நீ மட்டும் என்ன வானத்துல இருந்து குதிச்சியா? டிக்கியத் தொற."

"அக்கா, வேணாம்."

"பிள்ள உள்ள அழுகுது. தொற."

அவன் திறக்கவில்லை. அண்ணனும் தம்பியும் கிணறு தோண்டிய அதே கடப்பாரையோடு வந்து டிக்கியை நெம்பினார்கள். உள்ளே பிள்ளை இல்லை. மண்வெட்டி ஒன்றும் நைலான் கயிறும் இருந்தன. அதன் மேல் மடித்து வைத்த மூன்று சாக்கு. இரண்டு பெரிது. ஒன்று, அரிசிக் கடையில் பத்துக் கிலோ போடுகிற சின்னச் சாக்கு. அழுகை அந்தச் சின்னச் சாக்குக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

அம்பலகாரர், சற்று முன் ஓட்டு அறையைக் காட்டிய கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். பாண்டியம்மா அந்தச் சாக்கை எடுத்தாள், உதறினாள், பிள்ளையையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு சாக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், "பாலக் கொண்டா" என்றாள்.

கூட வந்த ஒருவன் அரிவாளை உருவினான். அதற்குள் ராட்டைகள் சுற்ற ஆரம்பித்திருந்தன. பெண்கள் பின்னோக்கி நடந்தார்கள், காரைச் சுற்றியும் மூன்று பேரைச் சுற்றியும், விட்டு வந்த இடத்தை முறைத்தபடி, கயிறு திரித்துக்கொண்டே நடந்தார்கள். அரிவாள் வெட்ட வெட்டப் புதுக் கயிறு வந்தது, கைகள் உடம்போடு ஒட்டின, கதவுகள் காரோடு ஒட்டின, கொஞ்ச நேரத்தில் களத்தின் நடுவே நார் நிறத்தில் ஒரு பெரிய கூடு இருந்தது, அதன் ஒரு பக்கத்தில் குமரேசனின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூட்டுக்குள் பிள்ளை அழுதது. அவர்கள் வைதார்கள், மிரட்டினார்கள், முதலாளியின் பெயரைச் சொன்னார்கள், போலீஸில் ஆள் இருக்கிறது என்றார்கள், பிள்ளை அழுதது. பெண்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள், பிள்ளை அழுதது. கூட வந்த இரண்டு பேர் அம்மா அம்மா என்று முனக ஆரம்பித்தார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் குமரேசன், "குடுத்துத் தொலைக்கிறேன். அவுத்து விடுங்க" என்றான்.

அவன் இடுப்பில் மட்டும் கயிற்றை விட்டு, அதன் முனையை அண்ணனும் தம்பியும் பிடித்துக்கொண்டார்கள். விருமாயி தன் எருமையைக் காட்டினாள். ஆளைக் குழிக்குள் கட்டி இறக்கிய கையால் அவன் எருமையைக் கறந்தான், இரண்டு தரம் உதை வாங்கினான், அடுப்பில் ஊதிக் கண்ணைக் கசக்கினான், பால் பொங்கியதும் பதறி வெறுங்கையால் தூக்கிக் கையைச் சுட்டுக்கொண்டான். விருமாயி பக்கத்தில் நின்று, "ஆத்துடா, பிள்ள வாயி வெந்துரும்" என்று வைதாள். ஆற்றினான். முதல் மடக்கை அவனையே குடிக்க வைத்துப் பார்த்தார்கள். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு ஊர் பின்னால் வர ஓட்டு அறை வாசலுக்கு வந்தான், பெனிட்டாவின் முன்னால் நின்றான், இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினான்.

"வாங்கிக்கம்மா," என்றான். "வாங்கிக்க. தலைக்குள்ள வெட்டுது."

பெனிட்டா அவன் கையைப் பார்த்தாள். வாங்கினால் அழுகை அவனை விட்டு இறங்கிவிடும், நாளைக்கு விருமாயியின் பீரோவுக்கோ நடுச்சுவருக்கோ போய்விடும், இவனும் சத்தமில்லாமல் போய்விடுவான். போய், வேறு காரில், வேறு சாக்குகளோடு, பூனை மாதிரி ஒரு நாள் திரும்பி வருவான். வாங்காவிட்டால் அழுகை அவனோடு போகும். அவன் போகிற இடமெல்லாம் போகும், அவன் வருவதற்கு முன்னால் வரும், எந்த வாசலிலும் அவன் சத்தமில்லாமல் போய் நிற்கவே முடியாது. ஆனால் மகளின் குரலை அப்புறம் எந்த வீட்டு வேலியோரம் உட்கார்ந்தும் அவள் கேட்க முடியாது. தோளில் அமலி வாயைத் திறந்தபடி, சிவந்து, சத்தமின்றித் துடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் கதிரேசன் நின்றான். எம் பிள்ள அழுகுறத நான் கேக்கணும்டி என்று சொன்னவன், அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்து அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

"பசிக்குதுடி பிள்ளைக்கு," என்றாள் விருமாயி.

பெனிட்டா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். கன்னியாஸ்திரிகள் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததை இப்போது குமரேசன் செய்தான், கதவைத் தட்டிக்கொண்டே நின்றான், அவள் திறக்கவில்லை. காரின் அழுகைதான் காதில் விழுந்துகொண்டிருந்தது, அது கேட்கிறவரைக்கும் பால் ஊறும். பிள்ளையை மார்போடு அணைத்துக் கடைசியாக வயிறு நிறையக் கொடுத்தாள். பிள்ளை குடித்தது, தூங்கியது. அழுகை மட்டும் நிற்கவில்லை.

ஊருக்கும் அது விளங்கிவிட்டது. கயிற்றை அறுத்து, மூன்று பேரையும் காருக்குள் தள்ளி, "உங்க அழுகைய எடுத்துக்கிட்டு ஓடுங்க" என்று எல்லைவரை காரைத் தள்ளிக்கொண்டு போய் விட்டார்கள். சின்னச் சாக்கை மட்டும் பாண்டியம்மா கொடுக்கவில்லை. அடுப்பில் போட்டு எரித்து, அதில் உலை வைத்தாள்.

அதன் பிறகு கேள்விப்பட்டதெல்லாம் லாரிக்காரர்கள் சொன்னது. டோல்கேட்டில் அந்தக் காரை நிறுத்தி டிக்கியை உடைத்தார்களாம். டீ குடிக்க இறங்கிய இடத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் கூடி அடித்ததாம். ரத்தினசாமி காரை மாற்றிக் கொடுத்தாராம், மாற்றிய காரும் அழுததாம். காரை விட்டு இறங்கியதும் குமரேசனின் சட்டைப் பைக்குள்ளிருந்தே அழுததாம், கடலைமிட்டாய்க் கவரைப் பிரித்தால் அதற்குள்ளிருந்தும். முதலாளிக்குப் பக்கத்தில் நிற்க அவனை விடவில்லையாம். நார் ஏற்ற வந்த ஒருவர், அவன் ஒரு தூக்குச்சட்டியில் பால் வைத்துக்கொண்டு ரோடு ரோடாகத் திரிவதைப் பார்த்தேன் என்றார்.

செங்கிடாப்பட்டியில் இப்போது யார் வீட்டிலும் அழுகை கிடையாது. அதற்கும் பெனிட்டாவைத்தான் வைகிறார்கள். "காச்சுன பால் ஏடு கட்டிக் கெடக்கு, ஒம் பிள்ளைக்கு அழுகக்கூட வக்கில்லாமப் பண்ணிட்டியே" என்கிறாள் விருமாயி. அம்பலகாரர் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறார். முத்தழகு டீச்சர் திரும்பி வந்துவிட்டாள், ஊர் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் ஊரிடம் பேசவில்லை, ஆனால் அமலிக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறாள். அமலி பேசுகிறாள், பாடுகிறாள், பல் தெரியச் சிரிக்கிறாள், விழுந்தால் வாயைத் திறந்து கண்ணீர் விடுகிறாள், சத்தம் மட்டும் வராது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், களத்தில் ஓடி விளையாடிய அமலி ராட்டையில் இடறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அப்போது காற்று திரும்பி, தூரத்தில், பெரிய ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை அழுகிற சத்தம் வந்தது.

ராட்டைகள் நின்றன. கதிரேசன் அரிவாளோடு வெளியே வந்து பெனிட்டாவை ஒட்டி நின்றான், அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. கிட்டே வருகிறதா, தள்ளிப் போகிறதா? எல்லோரும் அசையாமல் கேட்டார்கள். பெனிட்டாவும் கேட்டாள். வந்துவிடக் கூடாது, வந்துவிடக் கூடாது என்று உதடு முணுமுணுத்தது. போய்விடாதே, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நில் என்று உதட்டுக்குத் தெரியாமல் உள்ளே ஒன்று கெஞ்சியது. அவள் மகள் எவ்வளவு வளர்ந்துவிட்டாள், குரல் எவ்வளவு கனத்துவிட்டது.

"தூரமாத்தான் போகுது," என்றாள் பாண்டியம்மா. "வேலையப் பாருங்கடி."

பெண்கள் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். பெனிட்டா மகளின் முழங்கால் மண்ணைத் துடைத்துவிட்டாள். பால் மறக்கடித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. ஆனாலும் அவள் ஜாக்கெட் முன்பக்கம் முழுக்க நனைந்து, சொட்டிக்கொண்டிருந்தது.